செனட்டர் வேலை: சம்பளம் பூஜ்யம், 5க்கு 3 ஸ்டார்

திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம்ல உக்காந்து ஒரு நாட்டோட செனட்ல ஓட்டு போடுறேன்னு சொன்னா மெஸ்ல பக்கத்து இலைக்காரர் ஒரு மாதிரியாத்தான் பாக்குறாரு. மைக்ரோநேஷன் சார், நாங்களே நாடுன்னு சொல்லிக்குவோம், வேற எவனும் ஒத்துக்க மாட்டான். 1967ல ராய் பேட்ஸ் இங்கிலாந்து பக்கம் கடல்ல இருந்த பழைய ராணுவ மேடைய புடிச்சு சீலேண்ட்னு அறிவிச்சாரு, 1979ல மில்வாக்கில 14 வயசு பையன் தன் பெட்ரூம தலோசான்னு ராஜ்யமாக்குனான், அந்த வகையறா. நான் இருக்குறது வேற ஒண்ணு, பேரு வேணாம்.

குடியுரிமை ஃப்ரீ. மசோதா எல்லாம் கட்டா வரும், ஒவ்வொண்ணுக்கும் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை மூணுல ஒண்ண சொல்லணும். போன தடவை கொடி கலர மாத்துறதுக்கு எதிர்ப்பு போட்டேன், புது லீவு நாளுக்கு ஆதரவு (இதுல என்ன யோசனை), பட்ஜெட்டுக்கு நடுநிலை ஏன்னா கஜானாவுல காசே இல்ல அப்புறம் எதுக்குய்யா பட்ஜெட்.

கடுப்பு என்னன்னா கெடு அமெரிக்க டைம்ல, அங்க சாயங்காலம்னா இங்க விடிகாலை, ஒரு தடவை கரெக்டா அப்ப பாத்து கரண்ட் போயி என் ஓட்டு லேட்டுன்னு தள்ளிட்டாங்க, அப்பீல் பண்ணா நீதிபதி ஊர்ல இல்லையாம்!

ஆனா விவாதம் செம தரம். ஒரு கமாவுக்கு ரெண்டு நாள் சண்டை. நம்ம ஊர் மேலவைய 1986லயே கலைச்சாச்சு, அந்த ஆசைய இங்க தீத்துக்கலாம். அடுத்த தேர்தல்லயும் நிக்கிறேன், எதிர்த்து நிக்க ஆளே இல்ல.