பழைய பக்கமா, சொல்லி வரைவித்த பக்கமா: வெள்ளவத்தை ஈரத்தில் ஒரு கணக்கு

சித்திரக்கதையின் அசல் பக்கம் ஒன்று சுவரில் தொங்க வேண்டும் என்று ஆசை வந்தால் இரண்டு வழி இருக்கிறது. முன்பு அச்சில் வந்த ஒரு கதைக்காக ஓவியர் கையால் வரைந்த பக்கத்தைத் தேடி வாங்கலாம். இல்லாவிட்டால் பிடித்த ஓவியரிடம் காசு கொடுத்து, எனக்கு இன்ன காட்சியை வரைந்து தாருங்கள் என்று கேட்கலாம். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். 2019இல் முதலாவது, 2023இலிருந்து இரண்டாவது. இனி என் காசு இரண்டாவதுக்குத்தான் போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பக்கச்சார்பு என்று யாரும் குறை சொல்லக் கூடாது.

நான் ஏன் பழைய பக்கத்தில் போய் விழுந்தேன் என்றால், மாமாவின் தகரப் பெட்டியில் கிடந்த முத்து காமிக்ஸ் என்ற தமிழ்ச் சித்திரக்கதைப் புத்தகங்கள்தான் காரணம். அதில் வந்த, இரும்புக் கை மட்டும் தெரிய உடல் மறைந்துபோகிற இரும்புக்கை மாயாவி எங்கள் ஆள் என்றே நினைத்து வளர்ந்தேன். அவர் 1962இல் லண்டனின் வேலியண்ட் வார இதழில் பிறந்தவர், ஆரம்பத்தில் அவரை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்பதெல்லாம் வேலைக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. மாயாவிப் பக்கம் தேடினேன், கிடைத்ததெல்லாம் என் கைக்கு எட்டாத விலை. கடைசியில் அதே காலத்து லண்டன் போர்க்கதைப் புத்தகம் ஒன்றின் பக்கம் 110 பவுணுக்கு வந்தது, அப்போதைய கணக்கில் கிட்டத்தட்ட 25,000 ரூபா. ஓவியர் பெயர் இல்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் அந்தப் புத்தகங்களில் ஓவியர் பெயரைப் போடுவதே அரிது. அம்மா பார்த்துவிட்டு, "இதுக்கோ இவ்வளவு காசு குடுத்தனீ? ஆமிக்காரன்தானே நிக்கிறான்" என்றார்.

விலையைப் பற்றி அதிகம் கதைக்கத் தேவையில்லை. ஸ்பைடர்மேன் கறுப்புச் சட்டை போட்ட கதையின் ஒரே ஒரு பக்கம், மைக் ஸெக் வரைந்தது, 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 33 லட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. அது வேறு உலகம். எங்கள் உலகத்தில் பெயர் தெரியாத ஓவியரின் பக்கம் நூற்றுச் சொச்சம் டொலருக்குக் கிடைக்கும், நம்மூர் இளம் ஓவியரிடம் சொல்லி வரைவித்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் முடியும். ஒரு வித்தியாசம், வெளிநாட்டுப் பக்கத்துக்குத் தபால் செலவும் சுங்கத்தில் கட்டுவதும் திரையில் தெரிகிற விலையின் மேல் வந்து ஏறும். நாணயமாற்று இன்னொன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது, அந்த மாதங்களில் நான் பார்த்து வைத்திருந்த இரண்டு பக்கங்களும் தாமாகவே என் பட்டியலிலிருந்து கழன்று போயின.

பழைய பக்கத்துக்கு நியாயமாகச் சேர வேண்டிய புகழ் ஒன்று உண்டு, அது தன் சாட்சியைத் தானே கொண்டு வருகிறது. அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓரத்தில் ஆசிரியர் குழு நீலப் பென்சிலால் எழுதிய குறிப்பு, பக்க எண், தவறை மறைத்த வெள்ளை மை எல்லாம் இருக்கும். அமெரிக்கப் பக்கம் என்றால் அளவும் சாட்சி சொல்லும். 1967 வாக்கில்தான் அங்கே வரையும் பரப்பு சுமார் 10க்கு 15 அங்குலமாகக் குறைந்தது, அதற்கு முந்தியவை நன்றாகப் பெரியவை. இறந்துபோன பெரிய ஓவியரின் கையெழுத்துப் போட்ட தனிப் பென்சில் படம் என்று விற்பதில் இந்தச் சாட்சி ஒன்றும் இல்லை, கள்ளப் படங்கள் அங்கேதான் அதிகம் புழங்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். சரி, புதிய கதைகளின் பக்கங்களை வாங்கலாமே என்றால், பாதிப் பேர் இப்போது ஐபேட்டிலும் கணினியிலும் வரைகிறார்கள், கடதாசி என்று ஒன்றே கிடையாது. சிலவற்றில் ஒருவர் பென்சிலால் வரைந்ததை ஸ்கேன் பண்ணி அனுப்ப, வேறு ஊரிலிருக்கும் இன்னொருவர் அதை மங்கிய நீலக் கோடாக அச்செடுத்து அதன் மேல் மை போடுவார். ஒரே பக்கத்துக்கு இரண்டு அசல். எது உண்மையான அசல் என்று சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை.

இனி என்னைத் திருப்பிய விஷயம். பராமரிப்பு.

எங்கள் தொடர்மாடி கொழும்பு வெள்ளவத்தையில், கடலோரமாகப் போகிற மரைன் டிரைவிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, நான்காம் மாடி. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் 75இலிருந்து 85 வீதத்துக்குள் நிற்கும். கடதாசிச் சித்திரங்களைக் காக்கிறவர்கள் கேட்பது 50ஐ ஒட்டிய அளவு, 65 தாண்டினால் பூஞ்சணத்துக்கு வரவேற்புப் பந்தல் போட்ட மாதிரி. இதை வாங்கும்போது நான் யோசிக்கவே இல்லை. லண்டனில் யாரோ வீட்டு மேல்மாடியில் குளிரில் ஐம்பது வருடம் பத்திரமாக இருந்த மட்டை, இங்கே வந்து இரண்டே வருடத்தில் கிழவனாகிவிட்டது.

அந்தக் கால பிரிட்டிஷ் பக்கங்களில் பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் எழுத்தைக் கையால் எழுதமாட்டார்கள். எழுத்துக் கோர்த்து அச்சடித்து, வெட்டி, ரப்பர் பசையால் ஒட்டுவார்கள். அச்சுக்குப் போகும்வரை நின்றால் போதும் என்று ஒட்டியது, யாரும் சுவரில் மாட்டுவான் என்று நினைத்து ஒட்டியதில்லை. பசை காலப்போக்கில் தேநீர்க் கறை மாதிரி மண்ணிறமாகி, காய்ந்து, பிடியை விட்டுவிடும். 2021 ஒக்டோபர் மழை முடிந்து ஒரு நாள் தூசி தட்டப் போனபோது, சார்ஜன்ட் கத்திய வசனம் கண்ணாடிக்குள்ளே அடியில் விழுந்து கிடக்கிறது, அவன் வாயைத் திறந்தபடி வெறுமனே நிற்கிறான். உற்றுப் பார்த்தால் வானப் பகுதியில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள், வெள்ளை மை போட்ட இடத்தில் வெடிப்பு, ஒரு மூலையில் வெள்ளிப்பூச்சி அரித்த தடம். அந்தப் பூச்சிக்குப் பசையும் மாவும்தான் விருந்து என்பதும் அன்றைக்குத்தான் படித்தேன்.

பிரேமைக் கழற்றினால் இன்னும் வயிற்றெரிச்சல். பிரேம் போட்டுத் தந்த கடைக்காரர் பின்னால் ஹார்ட்போட் வைத்து, மண்ணிற ஒட்டுநாடா அடித்து, கண்ணாடியைச் சித்திரத்தின் மேலேயே அமர்த்தியிருந்தார். அவர் கல்யாணப் படத்துக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்தார், அமிலமில்லாத மட்டை வையுங்கள், கண்ணாடிக்கும் கடதாசிக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள் என்று கேட்கத் தெரியாமல் போய் நின்றது நான். பூஞ்சணத்தை ஈரத்தோடு துடைக்கக் கூடாது, நன்றாகக் காயவிட்டு வெளியே கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும், முகக்கவசத்தோடு. அதைச் செய்தேன். புள்ளிகள் போகவில்லை. போக்குவதற்கு வழி இருக்கிறது, ஆனால் அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை, அந்தச் செலவுக்கு இன்னொரு பக்கமே வாங்கிவிடலாம்.

அப்புறம் ஏசி போடலாமே என்பார்கள். இரவு எட்டு மணி நேரம் ஓடி, பகல் முழுக்க நிறுத்தி வைத்த ஏசி உதவி செய்யாது. ஈரம் ஏறி இறங்கி ஏறி, மட்டை விரிந்து சுருங்கி நெளிவதுதான் மிச்சம். நாள் முழுக்க ஓடவிட்டால் மின்சாரப் பட்டியல் வரும்போது சித்திரத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும். நான் கடைசியில் செய்தது, பொலியெஸ்டர் உறைக்குள் பக்கத்தைப் போட்டு, இறுக மூடுகிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மணிகள் செம்மஞ்சளிலிருந்து பச்சையானால் அவன் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும், மழை மாதத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. உள்ளே வைத்த சிறிய ஈரமானி இப்போது 50ஐ ஒட்டிக் காட்டுகிறது. பக்கம் பிழைத்தது. ஆனால் சுவரில் பார்க்க வாங்கிய சாமான் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

சொல்லி வரைவிக்கும்போது இந்தக் கதையை முதலாம் நாளே மாற்றி எழுதலாம். கடதாசியும் மையும் என் கையில். 2023இல், கொழும்பில் 2015இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன் என்ற சித்திரக்கதை விழாவில் ஓவியம் வரைகிற ஒரு தம்பியின் மேசையில் படங்களைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பேசினேன். ஏ3 அளவு, 22,000 ரூபா, பாதி முற்பணம். நூறு வீதம் பருத்தியில் செய்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கடதாசியை நானே வாங்கிக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் தம்பி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அண்ணா, இது வோட்டர் கலர் கடதாசி, இதில நிப் ஓடினா நூல் நூலாப் பிடுங்கிக்கொண்டு வரும்." சரிதான். அதே வகையில் சூடாக அழுத்தி வழவழப்பாக்கியதும் கிடைக்கிறது, அதற்கு மாறினோம், நுணுக்கமான இடத்துக்கு மட்டும் நிப், மிச்சமெல்லாம் தூரிகை என்று முடிவானது. சாம்பல் நிழலுக்கு அவர் மார்க்கர் எடுத்தார், அதற்கும் தடை போட்டேன். மார்க்கரின் சாயம் வெளிச்சத்தில் மங்கும், நிறமித் துகள் உள்ள இந்திய மை மங்காது, அதையே தண்ணீர் கலந்து நிழலுக்குப் பாவிக்கலாம். எழுத்தை ஒட்டவில்லை, நேரே கையால் எழுதினார்.

காட்சி? வெள்ளவத்தை ஸ்டேஷன், பின்னேரம், கோட்டையிலிருந்து வருகிற ஒஃபிஸ் ரயில், மிதிபலகையில் தொங்குகிற கூட்டத்துக்கு நடுவில் ஆளில்லாமல் ஒரு இரும்புக் கை மட்டும் கம்பியைப் பிடித்திருக்கிறது. தம்பி மாயாவியை வாசித்ததே இல்லை, மாமாவின் பெட்டியிலிருந்து இரண்டு புத்தகம் இரவல் கொடுக்க வேண்டி வந்தது. (ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை.) அம்மா இதையும் பார்த்தார். "கை மட்டும்தானே கிடக்கு, மிச்சத்துக்குக் காசு போதேல்லையோ?"

சிக்கல்களையும் சொல்ல வேண்டும். ஐந்து கிழமை என்றது நான்கு மாதமானது. இரண்டாவது சித்திரத்தைச் சென்னை ஓவியர் ஒருவரிடம் கேட்டு, முழுக் காசையும் முன்கூட்டியே போட்டுவிட்டு 11 மாதம் காத்திருந்தேன், மைத்துனர் பயணப் பையில் கொண்டுவந்து தந்தார். முழுக் காசையும் முன்னால் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். சின்ன மாதிரிப் படம், பென்சில், மை என்று மூன்று கட்டத்திலும் புகைப்படம் கேளுங்கள், மாற்றம் வேண்டுமென்றால் பென்சிலோடு சொல்லி முடித்துவிடுங்கள். மை போட்ட பிறகு ரயிலின் சாம்பல் நிழலில் குறை பிடிக்கப் போய்த் தம்பி என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. இன்னொன்று, மாயாவி வேறொருவரின் சொத்து. வீட்டுச் சுவரில் தொங்கவிடலாம், டீசேர்ட்டில் அடித்து விற்க எனக்கும் உரிமையில்லை, வரைந்த தம்பிக்கும் இல்லை.

திரும்ப விற்பதைப் பற்றி என்னிடம் இருப்பது கேள்வி ஞானம்தான், இதுவரை ஒன்றும் விற்றதில்லை. அச்சான பக்கத்துக்குச் சந்தை இருக்கிறது, சொல்லி வரைவித்ததற்கு, அதுவும் மூலையில் "அண்ணாவுக்கு அன்புடன்" என்று எழுதியதற்கு, மிகக் குறைவு. ஆக முதலீடு என்று யோசிக்கிறவர்கள் பழைய பக்கத்தின் பக்கம் நிற்பது நியாயம், ஆனால் புள்ளி விழுந்த பக்கத்துக்கு அவர்கள் என்ன விலை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே 1936இல் வரைந்த டின்டின் அட்டைச் சித்திரம் ஒன்று மடிப்புக் கோடுகளோடேயே 2021இல் பாரிஸில் 30 லட்சம் யூரோவுக்கு மேல் போனது, ஆனால் அது ஹெர்ஜே, என்னுடையவன் பெயரில்லாத சார்ஜன்ட்.

இன்னொரு இடத்திலும் என் அனுபவம் மெல்லியது. பருத்திக் கடதாசிச் சித்திரம் ஒரு சில மழைக்காலத்தைத்தான் பார்த்திருக்கிறது, பழையது ஐம்பது வருடத்து மட்டை, இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயம் ஆகாது. இதுவரை புள்ளி இல்லை, நெளிவு இல்லை. கடலைப் பார்த்த சுவரில் மாட்டவில்லை, உள்சுவரில், பிரேமின் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுப் போக வழி விட்டிருக்கிறேன். நாள் முழுக்கக் குளிரூட்டிய வீடு உள்ளவர்களுக்கு நான் மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது.

ஒரு விதிவிலக்கு எனக்கே உண்டு. சிரித்திரன் நகைச்சுவை இதழை நடத்திய சுந்தரின் சவாரித் தம்பர் கேலிச்சித்திர அசல் ஒன்று எங்காவது விலைக்கு வந்தால், பூஞ்சணம் பிடித்திருந்தாலும் வாங்குவேன். கட்டிலுக்கு அடியில் இன்னொரு பெட்டிக்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.