கவிவாணரா, பாலூ தம்பியா? கையெழுத்துச் சாயலுக்கு எது சரி

பேச்சுக் குமிழி, வாழ்த்து அட்டை, பயிற்சித்தாளின் ஓரக்குறிப்பு என்று யாரோ ஒருவர் நேரில் சொல்வதுபோல் தெரிய வேண்டிய இடங்களுக்குத் தமிழில் எளிதாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் இரண்டு: தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர், ஏக் டைப் குழுவின் பாலூ தம்பி 2. இரண்டும் யூனிகோடு, இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், இரண்டிலும் ஆங்கில எழுத்தும் உண்டு.

என் ஓட்டு கவிவாணருக்கு. பேனா ஓடிய தடம்போல வலப்பக்கம் சாய்ந்திருக்கும் அதன் எழுத்தில் எழுதியவரின் கை தெரிகிறது. பாலூ தம்பி நிமிர்ந்து, உருண்டு திரண்டு நிற்கும். நட்பான முகம்தான், ஆனால் பெயர்ப்பலகையின் குரல்.

முடிவைத் தீர்மானிப்பது தடித்த எழுத்துதான். பாலூ தம்பி 2-இல் 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்கள் உண்டு. கவிவாணரில் ஒன்றே ஒன்று. அதில் போல்டு பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான மென்பொருள்கள் கோட்டைச் சுற்றிலும் தாமாகவே பருமனாக்கிவிடும். முதலில் அடைபடுவது ‘ண’, ‘ஞ’, ‘லை’ போன்றவற்றின் சுழிகள். பிறகு புள்ளி தன் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாய்வுப் பொத்தானும் ஆகாது. ஏற்கெனவே சாய்ந்த எழுத்து இன்னும் சரிந்து விழும். வலைப்பக்கமானால் அதன் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ‘font-synthesis’ பண்புக்கு ‘none’ என்று கொடுத்து இந்தப் போலித் தடிப்பை நிறுத்திவிடலாம். அழுத்தம் வேண்டிய சொல்லுக்கு நிறத்தை மாற்றுங்கள், அல்லது அளவை ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், அல்லது கையால் எழுதும்போது செய்வதுபோல் அடிக்கோடிடுங்கள். இந்த மூன்றில் ஒன்று போதுமென்றால் தயங்காமல் கவிவாணர். தலைப்பு, துணைத்தலைப்பு, பொத்தான் என்று அடுக்கடுக்காக வேண்டுமென்றால் பாலூ தம்பி.

கவிவாணரை நீளமாக ஓட்டக் கூடாது. ‘தாத்தா’ என்ற சொல்லில் இரண்டு ‘தா’வும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும், மனிதக் கை அப்படி எழுதாது. நாலைந்து வரிகளில் இது கண்ணில் படாது, பக்கம் முழுக்க வந்தால் பட்டுவிடும். வரி இடைவெளி மிகவும் குறைந்தால் மேல்வரியின் ‘மூ’, ‘ழு’ வால்கள் கீழ்வரியின் ‘கீ’, ‘றி’ மேல்வளைவுகளில் முட்டக்கூடும். மிகச் சிறிய அளவில் அச்சிடுவதாக இருந்தால் திரையை நம்பாமல் ஒரு தாள் எடுத்துப் பார்த்துவிடுங்கள். சுழிகள் எந்த அளவில் அடைபடும் என்பது தாளுக்கும் மைக்கும் தக்கபடி மாறும்.

யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் இரண்டிலும் ஆங்கிலக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவையும் உள்ளேயே பொதிந்துவிட வேண்டும். இல்லையேல் பெறுபவரின் கணினி தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்தைப் போட்டுக் காட்டிவிடும்.