எக்செம்ப்டியா: காலையில் குனிய முடிகிறது

எனக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டுகள் இறுகிப்போகும் அழற்சி நோய். விடிந்ததும் இடுப்பு இறுகிக் கிடக்கும். செருப்பு மாட்டக்கூட மனைவியைக் கூப்பிட வேண்டும். மாத்திரைகள் கைகொடுக்காதபோது மருத்துவர் அடலிமுமாப் ஊசி எழுதிக்கொடுத்தார். அதன் அசல் மருந்தின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஜைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் கொண்டுவந்த பயோசிமிலரான (அசல் மருந்தை ஒத்ததாக வேறு நிறுவனம் தயாரிக்கும் உயிரியல் மருந்து) எக்செம்ப்டியாவைத்தான் போட்டுக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம்.

விலை குறைந்தால் வீரியமும் குறையுமோ என்று என் அம்மா பயந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலை இறுக்கம் வெகுவாகத் தளர்ந்துவிட்டது. இப்போது நானே குனிந்து செருப்பு மாட்டுகிறேன். குளிர்பெட்டியிலிருந்து அரைமணி முன்பே எடுத்து வைத்து, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துச் செலுத்துவேன். சுருக்கென்று எரியும், ஊசி போட்ட இடம் லேசாகச் சிவக்கும், பிறகு அடங்கிவிடும்.

தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பதால் உறங்கிக் கிடக்கும் கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். காய்ச்சல் கண்டால் மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடுவதில்லை.

என் கோபமெல்லாம் மருந்துக்கடை மீதுதான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய ஊசியை, உருகிப்போன ஐஸ் பையோடு கொண்டுவந்து நீட்டினார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்களும் பையைத் தொட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.