கலங்கிய ஏரி, காலியான காடு

விக்டோரியா ஏரியின் சிக்லிட் மீன்களும் வட அமெரிக்கக் கிழக்குக் காடுகளின் ஓநாய்களும் வேற்றினத்தோடு கலந்ததற்கு மனிதனே காரணம். வழிதான் வேறு.

ஏரியில் நிறமே இனத்தின் அடையாளம். கரையோர மேல்நீரில் நீல ஆண், சற்று ஆழத்தில் சிவப்பு ஆண். பெண் மீன் கண்ணால் பார்த்துத்தான் துணை தேடும். வயல் உரமும் கழிவும் இறங்கிப் பாசி பெருகியது. கலங்கலில் சிவப்பேது, நீலமேது? தெளிந்த பகுதிகளில் தனித்தனி இனம், கலங்கிய பகுதிகளில் இடைப்பட்ட மங்கல் நிறம் என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது.

காட்டிலோ ஆள்மாறாட்டம் இல்லை, ஆளே இல்லை. ஓநாய்களைச் சுட்டும் நஞ்சு வைத்தும் தீர்த்தார்கள், மரங்களையும் வெட்டினார்கள். காலியான இடத்துக்கு ஓநாயின் சிறிய உறவான கொயோட்டி வந்தது, துணையற்ற ஓநாய் அதனோடு சேர்ந்தது. பிறந்த கலப்பினம் கொயோட்டியைவிடப் பெரியது, மானையே வீழ்த்தும்.

எனக்கு ஏரிதான் அதிகம் உறுத்துகிறது. காட்டில் புதிதாக ஒரு விலங்காவது ஓடுகிறது.