சீலிங் போர்டு இடுக்கை எதை வைத்து அடைப்பது: பட்டியா, டேப்பா, சீலன்ட்டா?

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி என்று எங்கே புது வீடு கட்டினாலும் ஹாலுக்காவது ஜிப்சம் போர்டு சீலிங் போட்டுவிடுகிறார்கள். பெயிண்ட் அடித்த புதிதில் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போனதும், போர்டும் போர்டும் சேரும் இடத்தில் நூல் பிடித்த மாதிரி நேராக விரிசல் ஓடும். உடனே பெயிண்ட் சரியில்லை என்போம். பெரும்பாலும் பிரச்சினை பெயிண்டில் இல்லை, அதற்குக் கீழே இடுக்கை அடைத்த பொருளில் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றே ஈரம். சித்திரை வந்தால் மேல்தளம் கொதிக்கும். தளமும் கம்பி ஃபிரேமும் கொஞ்சம் நீளும், கொஞ்சம் சுருங்கும். அந்த இழுவை முழுக்க வந்து நிற்பது இணைப்பில்தான். இழுத்தால் தாங்குமா என்பதை வைத்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் சுவர் பட்டி. பெயிண்டர் கையில் எப்போதும் இருப்பது, செலவும் குறைவு என்பதால் பலரும் இதையே இடுக்கில் திணித்து, தேய்த்து, பிரைமர் அடித்துவிடுகிறார்கள். வெள்ளை சிமெண்டில் செய்த பட்டி சுவரை மழமழப்பாக்க நல்ல பொருள். ஆனால் காய்ந்தால் கல், துளிகூட வளையாது. சீலிங் இணைப்புக்கு இது வேண்டவே வேண்டாம்.

உண்மையான போட்டி பேப்பர் டேப்புக்கும் மெஷ் டேப்புக்கும்தான். இரண்டுமே சுமார் 50 மி.மீ. அகலம், இரண்டுக்கும் ஜாயிண்டிங் காம்பவுண்ட், அதாவது போர்டு இடுக்கை நிரப்பும் களிம்பு, வேண்டும். மெஷ் டேப்பில் பசை இருக்கிறது. ஒட்டி, மேலே காம்பவுண்ட் இழுத்தால் வேலை முடிந்தது. வேகமாக ஆகும் என்பதால் ஆட்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது கண்ணாடி நாரில் பின்னிய வலை; இழுத்தால் லேசாக விட்டுக்கொடுக்கும். காற்றில் காய்ந்து இறுகும் ரெடிமேட் காம்பவுண்டோடு சேர்த்தால் பிடிப்பு இன்னும் குறைவு. தண்ணீரில் குழைத்ததும் தானாக இறுகும் பவுடர் வகையோடு போட்டால் பரவாயில்லை.

பேப்பர் டேப் நீளாது, அதுதான் அதன் பலம். முதலில் இடுக்கில் காம்பவுண்டை அழுத்தி நிரப்ப வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே டேப்பை வைத்து, நடுவிலிருந்து பிளேடால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அதிகப்படி காம்பவுண்ட் இரண்டு ஓரத்திலும் வழியும். அடியில் காம்பவுண்ட் பற்றாமல் காற்று நின்றால் பின்னால் கொப்புளமாக எழும்பும். அதனால் கை பழகிய ஆள் வேண்டும், நேரமும் கூடுதல். இருந்தாலும் ஹால் சீலிங்குக்கு நான் பேப்பர் டேப்தான் சொல்வேன். கூலி சற்று ஏறினாலும் அடுத்த வருடம் திரும்பவும் சாரம் கட்ட வேண்டியிருக்காது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஜிப்சம் போர்டின் நீளவாட்டு ஓரங்கள் சற்று சரிவாக இருக்கும். இரண்டு சேர்ந்தால் ஆழமில்லாத பள்ளம் கிடைக்கும், டேப் அதற்குள் உட்கார்ந்துவிடும். அகலவாட்டு ஓரத்திலும் வெட்டிய ஓரத்திலும் அந்தச் சரிவு கிடையாது. அங்கே டேப் மேடாகத் தெரியும் என்பதால் காம்பவுண்டை இரண்டு பக்கமும் ஓர் அடியாவது மெலிதாகப் பரப்ப வேண்டும். சீலிங்கில் வரிவரியாக மேடு தெரிவதற்கு இந்த இடத்தில் அவசரப்படுவதுதான் காரணம்.

டியூபிலிருந்து பிதுக்கி அடைக்கும் சீலன்ட் எங்கே? சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில். அங்கே இரண்டும் தனித்தனியாக அசையும், வளைந்து கொடுக்கும் பொருள் வேண்டும். அக்ரிலிக் சீலன்ட் வாங்குங்கள். ஈர விரலால் தடவிச் சீராக்கலாம், காய்ந்ததும் பெயிண்ட் பிடிக்கும். கொஞ்சம் சுருங்குவதால் அகலமான சந்தில் ஒரே தடவையில் அடைக்கக் கூடாது. சிலிகான் வேறு பொருள். வாஷ்பேசின் ஓரத்துக்கு அருமை, ஆனால் அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. தெரியாமல் போட்டுவிட்டால் முழுசாகச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கடையில் டியூபைக் கையில் வாங்கியதும் எது என்று படித்துப் பாருங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே சீலிங் என்றால் கதை வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டுக் கூரையைப் பிரித்துப் போட்ட பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தகரத்துக்கு மாறிய வீடுகள் உண்டு. அதன் அடியில் ஃபைபர் சிமெண்ட் போர்டு அடித்தால், ஈரத்தில் அது ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஜிப்சத்தைவிட அசைவு அதிகம். அங்கே இணைப்பை மறைக்க நினைப்பதே வீண் செலவு. சுமார் 3 மி.மீ. இடைவெளி விட்டு, மேலே மரப் பீடிங்கோ பிவிசி பட்டையோ அடித்துவிடுங்கள். பட்டையை ஒரு பக்கத்துப் போர்டில் மட்டும் திருகினால் மற்றது தாராளமாக அசையும்.

எதைப் போட்டாலும் ஒரு கோட் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. வெயில் நாளில் ஒரு நாள் போதும். அடைமழையில் இரண்டு நாளானாலும் ரெடிமேட் காம்பவுண்ட் பிசுபிசுவென்றே இருக்கும். தேதி உங்கள் கையில் இருந்தால் இந்த வேலையைப் பங்குனி முதல் ஆனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்ட தூசியை ஈரத்துணியால் துடைத்த பிறகு, பிரைமருக்கு முன்னால், டார்ச்சை சீலிங்கோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு தெரிந்தால் பெயிண்டரை அப்போதே தேய்க்கச் சொல்லுங்கள், சாரம் இன்னும் பிரிக்கவில்லையே.