இருமல் மாத்திரையும் அம்மாவின் பிளாஸ்டிக் பையும்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு மெல்பர்னுக்குத் திரும்பிய பிறகும் மனத்தை விட்டு அகலாமல் நிற்பது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலைதான். மலேசியாவில் பீடோருக்கும் தெலுக் இந்தானுக்கும் இடையே, கித்தா என்னும் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை சூழ்ந்துவிட்ட எங்கள் தோட்டப் பட்டணத்தில், இனிப்பு நீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து எடுக்கும் அம்மாவை அன்று அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன்.

விடியுமுன்னே போய் அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு வாங்கில் உட்கார்ந்திருந்த காலத்தை நினைத்துத்தான் புறப்பட்டேன். ஆனால், கோவிட் காலத்தில் எல்லாரும் பதிந்துகொண்ட அதே மைசெஜாத்ரா செயலியில் தம்பி மகன் முன்பே நேரம் எடுத்துவைத்திருந்தான். மிஸ்ஸி என்று நாங்கள் அழைக்கும் தாதி ரத்த அழுத்தம் பார்த்த கையோடு அந்த எண்ணைக் கணினியில் ஏற்றினார். ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கட்டணத்தில் பொதுச் சிகிச்சை தரும் நாடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று உள்ளபடியே பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமை மருந்து முகப்பு வரைதான் நீடித்தது. முகப்பில் இருந்த இளம் மலாய்ப் பெண் மாத்திரைப் பெட்டிகளை வரிசையாக வைத்தபோது, அம்மா அவற்றுள் ஒன்றைப் பார்த்ததுமே விரலால் அப்பால் தள்ளிவிட்டு, "இனி உபாட், பாத்தோக் டாத்தாங்" என்றார். இந்த மருந்தைத் தின்றால் இருமல் வரும் என்று பொருள். அது பெரிண்டோப்ரில். ரத்தக் கொதிப்புக்கு நல்ல மருந்துதான். ஆனால் அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். இரண்டு மாதத்திற்கு முன்பு காலில் ஏற்பட்ட புண்ணுக்காகப் பெரிய மருத்துவமனையில் அம்மா படுத்திருந்தபோது, அங்கிருந்த மருத்துவர் பல மாத இருமலுக்குக் காரணம் இதுவே என்று கண்டுபிடித்து, அதை நிறுத்தி லோசார்ட்டான் கொடுத்திருந்தார். இருமலும் நின்றிருந்தது. அங்கே நிறுத்திய மருந்து இங்குள்ள திரையில் மட்டும் நிற்காமல் தொடர்ந்துகொண்டிருந்தது. மருத்துவமனை கொடுத்த தாளோ அம்மாவின் பையில் இல்லை. தம்பியின் காரிலேயே தங்கிவிட்டதாம்.

இந்த இடத்தில்தான் என் பொறுமை போனது. மெல்பர்னில் நான் மருத்துவமனையை விட்டு வெளியேறினால், என்ன செய்தார்கள், எந்த மருந்தை மாற்றினார்கள் என்ற சுருக்கம் என் தேசிய மின்பதிவில் ஏறிவிடுகிறது. குடும்ப மருத்துவர் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசுகிறார். மருந்துச் சீட்டும் குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. 2019 முதல், வேண்டாம் என்று விலகியவர்களைத் தவிர அங்கே ஏறக்குறைய அனைவருக்கும் இந்தப் பதிவு உண்டு. மலேசியா இதற்குப் பின்தங்கிய நாடன்று. 1997-லேயே தொலைமருத்துவச் சட்டம் இயற்றியது. நாட்டைத் தகவல் தொழில்நுட்பத்தில் முன்னேற்ற வகுத்த பல்லூடகப் பெருவழித் திட்டத்தில் தொலைச் சுகாதாரத்தை முதன்மைப் பயன்பாடுகளுள் ஒன்றாக வைத்தது. 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை தாளில்லா மருத்துவமனை என்று பேர் பெற்றது. ஒருவருடைய மருத்துவப் பதிவு பிறந்தது முதல் கூடவே வரவேண்டும் என்று அந்நாளிலேயே திட்டமிட்ட நாட்டில், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பதிவைச் சுமப்பது எழுபத்து மூன்று வயதுக் கிழவியின் பிளாஸ்டிக் பை என்றால், எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுத்துவந்த மருத்துவ உதவியாளர், டிரெஸ்ஸர், நினைவுக்கு வந்தார். அவரிடம் கணினி கிடையாது. நீளமான ஒரு பேரேடு மட்டும் இருந்தது. ஆனால் எந்த லயத்து வீட்டில் யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்குத் தெரியும்; ஆயாக் கொட்டகையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாயின் பேரைச் சொல்லிக் கேட்பார். அவர் கொடுத்த கசப்பு மருந்தில் எல்லாரும் பிழைத்துவிடவில்லை என்பதும் உண்மை. என் சின்னம்மா பிழைக்கவில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் மனத்தில் வைத்திருந்ததைத் திரையும் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முகப்பிலிருந்த பெண்ணைக் குறை சொன்னால் பாவம். அம்மா சொன்னதைத் தட்டிக்கழிக்காமல் எழுந்து போய் மருத்துவரைக் கண்டார். மருத்துவமனை வார்டுக்குத் தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்திக்கொண்டார். மருந்தை மாற்றி, ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற இடத்தில் பெரிண்டோப்ரிலை ஏற்றினார். நாற்பது நிமிடம் ஆனது. வரிசையில் நின்றவர்களும் முகம் சுளிக்கவில்லை. பிறகு அம்மாவின் சிகிச்சைப் புத்தகத்தை வாங்கி, அதன் அட்டையில் சிவப்பு மையால் மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். கணினியில் ஏற்றியது போதாதா என்று கேட்டேன். வேறு இடத்திற்குப் போனால் அவர்களுக்கு இதுதான் தெரியும் என்றார்.

அம்மா அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டு, ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "நீ போன பிறகு யாரும்மா வந்து கேட்கப் போறாங்க, நான்தானே சொல்லணும்" என்றார்.

அடுத்த கிளினிக் தேதியைத் தம்பி மகன் நேற்று அனுப்பியிருந்தான். நாளும் மணியும் தெளிவாக இருக்கின்றன. எந்த மாத்திரை என்பதை மட்டும் ஞாயிறுதோறும் அம்மாவைப் பெட்டி எடுத்துவரச் சொல்லி, கைப்பேசியின் முன் பிடிக்க வைத்துப் படித்துக்கொள்கிறேன்.