போஸ் குவைட் கம்ஃபர்ட் 45: ஹெட்போனும் அதன் பெயரும்

மதுரை, ராமநாதபுரம் பக்கத்தில் நேதாஜியின் மீதுள்ள பற்றினால் பிள்ளைகளுக்குச் சூட்டப்படும் 'போஸ்', வங்காளத்தில் பரவலாக வழங்கும் ஒரு குடும்பப் பெயர். 2021-இல் வெளிவந்த இந்த ஹெட்போனுக்குப் பெயர் தந்தவர் வேறொரு போஸ். பிரிட்டிஷ் அரசிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற விடுதலைப் போராளி ஒருவரின் மகனாக 1929-இல் பிலடெல்பியாவில் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்துகொண்டே 1964-இல் இந்நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ்தான் அவர்.

1978-இல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கையில், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலை மீறி இசையைக் கேட்க முடியாமல் போகவே, இருக்கையில் அமர்ந்தபடியே அவர் கணக்குப் போடத் தொடங்கினார். வெளி ஒலியை மைக்ரோபோன் பிடிக்க, அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் எழுப்ப, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் முறையைத்தான் அவர் கணக்கிட்டார். இம்முறையில் இயங்கும் ஹெட்போன் 1989-இல் விமானிகளுக்கும் 2000-இல் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது.

ரயிலின் ஏசி பெட்டியில் இதை மாட்டிக்கொண்டு, இடக்காதை மூடும் கிண்ணத்தின் பின்புறமுள்ள பொத்தானை அழுத்திக் 'குவைட்' முறைக்கு மாற்றியதும், குளிர்சாதனத்தின் உறுமல் அடங்கி, பழைய கச்சேரிப் பதிவொன்றில் தம்புராவின் சுருதியும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற தாழ்ந்த நாதமும் தனித்தனியாகத் துலங்கின. ஒலியைக் கூட்டவே தேவைப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிறைவு. எதிர் இருக்கைக்காரர்களின் பேச்சு தணிந்ததே தவிர மறையவில்லை. சீரான, தாழ்ந்த இரைச்சலை அடக்குவதிலேயே இந்தத் தொழில்நுட்பம் வல்லது. ஒருமுறை மின்னேற்றினால் 24 மணி நேரம் இயங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு.

1895-இல் கொல்கத்தாவில் கம்பியில்லா அலைகளால் மணியை ஒலிக்கச் செய்து காட்டிய ஜகதீஷ் சந்திர போஸ், 1924-இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பி, பின்னாளில் 'போசான்' துகள்களுக்கே பெயரான சத்யேந்திரநாத் போஸ், அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியை ஓவியங்களால் அணிசெய்த நந்தலால் போஸ் ஆகியோர் தாங்கிய பெயர் இது. அவ்வரிசையில் அமர் போஸையும் தயங்காமல் வைக்கலாம். 2011-இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை, வாக்குரிமையின்றியும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையுடனும் எம்.ஐ.டி.க்கே அளித்துவிட்டார், அவற்றின் ஈவுத்தொகை கல்விக்கும் ஆய்வுக்கும் போகிறது.

விலை அதிகம்தான். அடிக்கடி ரயிலிலும் விமானத்திலும் செல்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அமைதியான அறையில் மட்டும் பாட்டுக் கேட்பவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.